பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவே

அனதோலி எங்கள் பட்டறைக்குள் நுழைந்ததும் முதலில் தும்மினார். ஏழெட்டுத் தும்மல், விடாமல். இரண்டு கையாலும் ஒரு தகரத் தட்டைப் பிடித்திருந்தார். அதைக் கீழே வைக்கவும் மனமில்லை, மூக்கைத் துடைக்கவும் வழியில்லை. ஆறடிக்கு மேல் வளர்ந்த அந்த மனிதர் வாசற்படியிலேயே நின்று தும்மிக்கொண்டிருந்தார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மட்டாஞ்சேரியில் எங்கள் பட்டறைக்கு ஒரு பக்கம் சுக்குக் கிடங்கு, மறுபக்கம் வற்றல் மிளகாய்க் கிடங்கு. பகலெல்லாம் சாக்கு உதறுவார்கள். என் கம்ப்யூட்டருக்கு ஒரு பழைய படுக்கை விரிப்பைப் போர்த்தி வைத்திருப்பேன். விரிப்பை எடுத்தால் நானும் இரண்டு தும்மல் போட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவேன்.

கர்க்கடக மழை, அதாவது ஆடி மாத மழை, விட்டு விட்டுப் பெய்த வாரம் அது. வருஷம் சரியாக நினைவில்லை. இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். என் கம்ப்யூட்டரில் மின் வரைபடத்துக்கான அந்தப் புது மென்பொருள் வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது என்பது மட்டும் நிச்சயம்.

பட்டறை ஜோஸ் சேட்டனுடையது. பம்பு, மோட்டார், ஐஸ் பிளான்ட் இவற்றை இயக்கும் பேனல்கள் செய்து கொடுப்பது தொழில். பேனல் என்றால் சுவிட்சும், தானாக இயங்கும் சுவிட்சான ரிலேயும் அடுக்கிய இரும்பு அலமாரி. எட்டுப் பேர் வேலை செய்தோம். வரைபடம் போடுகிறவள் நான் ஒருத்திதான்.

அனதோலி, துறைமுகம் இருக்கிற ஐலண்டில் வந்து நின்றிருந்த ஒரு சரக்குக் கப்பலின் எலக்ட்ரீஷியன். கப்பலின் அடியில் ஆறு அறைகள். எந்த அறையில் தண்ணீர் ஏறினாலும் மணியடித்துச் சொல்ல ஒரு பேனல் உண்டு. அது எரிந்துபோயிருந்தது. அது இல்லாமல் துறைமுகத்தை விட்டுப் போகக்கூடாது என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். ஐந்து நாளில் புதிது வேண்டும்.

தட்டில் இருந்தது, எரிந்த பேனலிலிருந்து அப்படியே கழற்றி எடுத்த, வயர்களை மாட்டும் டெர்மினல் வரிசை. கரி படிந்து, பாதி உருகி. கூடவே பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு வரைபடம். ஜோஸ் சேட்டன் அதைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"செல்வி மோளே, இது ஏது பாஷையா?"

எல்லாம் ரஷ்ய எழுத்து.

எழுத்துகளின் ஊர்

எனக்குப் பயம் வரவில்லை. அதற்குக் காரணம் அப்பா.

அப்பா முனிசிபாலிட்டியில் கானை, அதாவது சாக்கடை, சுத்தம் செய்கிற வேலையில் இருந்தார். எங்கள் ஆட்கள் தமிழ்நாட்டிலிருந்து அந்த வேலைக்காகவே கொச்சிக்கு வந்தவர்கள். அப்பாவுக்கு எந்த எழுத்தும் தெரியாது. ஆனால் மட்டாஞ்சேரித் தெருக்களில் மலையாளம், தமிழ், குஜராத்தி, இந்தி, உருது, யூதத் தெருவில் ஹீப்ரு என்று சுவர்தோறும் எழுத்துதான். அப்பா அத்தனைக்கும் தானே பெயர் வைத்திருந்தார். "அந்தக் கொக்கி எழுத்துக் கடைக்கு முன்னாடி அடைச்சுக் கிடக்கு," என்பார். "தோரணம் தொங்குதில்ல, அந்தக் கெட்டிடம்," என்பார். கூட வேலை செய்கிறவர்களுக்கு இடம் சரியாகப் புரிந்துவிடும்.

நான் படித்தது மலையாளப் பள்ளியில். தமிழ் எழுத்தை இருபது வயதுக்கு மேல்தான் கூட்டிக் கூட்டிப் படித்தேன். நான் எழுதும் இந்தப் பத்திரிகைத் தொடரில் நடுநடுவே சாயா, கப்பை என்று மலையாளம் வந்து விழுவதை ஆசிரியர் பெரிய மனதோடு விட்டுவைத்திருக்கிறார். அதற்கும் இதுதான் காரணம்.

ஆகவே ரஷ்ய எழுத்துக்கும் அப்பா வழியே போதும் என்று தோன்றியது. ஒன்று சீப்பு மாதிரி இருந்தது. ஒன்று கால் பரப்பிய தவளை. ஒன்று நாற்காலியைத் திருப்பிப் போட்டது போல. சீப்பு எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் ஒரே வகைக் கருவி என்று குறித்துக்கொண்டேன். அனதோலி பக்கத்தில் உட்கார்ந்து, நான் தொட்டதை எல்லாம் கையாலும் வாயாலும் நடித்துக் காட்டினார். மணி என்றால் "டிங் டிங்". மிதவை என்றால் உள்ளங்கையை மெதுவாக மேலே உயர்த்துவார்.

எண்கள் மட்டும் எண்களாகவே இருந்தன. ஒன்று முதல் பதினெட்டு வரை டெர்மினல்கள். அதில் எங்கள் இருவருக்கும் சந்தேகமே வரவில்லை.

சின்னத் தகடு

ஜம்பர் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன்.

பேனலுக்குள் வரும் வயர் ஒவ்வொன்றும் ஒரு டெர்மினலில் வந்து முடியும். பக்கத்துப் பக்கத்து டெர்மினல்களுக்கு ஒரே மின்சாரம் போக வேண்டுமானால், இரண்டையும் சேர்த்து ஒரு சின்னச் செம்புத் தகடு போடுவோம். அதுதான் ஜம்பர். பட்டறையில் லிங்க் என்போம். விரல் நகத்தளவு இருக்கும். கீழே விழுந்தால் பெருக்கித்தான் தேட வேண்டும்.

காகிதத்தில் வரைந்த காலத்தில் ஜம்பர் என்பது பென்சிலால் போடும் ஒரு குட்டி வளைவு. அதைப் போட்டால் வேறெந்த இடத்திலெல்லாம் வயர் எண் மாறும் என்பதை நானே தாள் தாளாகத் தேடித் திருத்த வேண்டும். இரண்டு விட்டுப்போகும். வயரிங் செய்கிறவர்கள் திட்டிக்கொண்டே வருவார்கள்.

புது மென்பொருள் வந்த முதல் வாரம், மூன்றாம் தாளில் ஒரு ஜம்பர் போட்டேன். ஏதோ வேலையாகப் பதினோராம் தாளைத் திறந்தால், அங்கே வயர் எண் தானாக மாறியிருந்தது. நான் அந்தத் தாளைத் தொடவே இல்லை. திரும்ப மூன்றாம் தாளுக்குப் போய் ஜம்பரை எடுத்தேன். பதினோராம் தாளில் பழைய எண். திரும்பப் போட்டேன். திரும்ப மாறியது. சாயா ஆறிப்போகும் வரை இதையே செய்துகொண்டிருந்தேன்.

உள்ளே எங்கோ ஒன்று, எந்த வயர் எந்த வயரோடு உண்மையில் ஒன்று என்று தெரிந்து வைத்திருந்தது. எத்தனை தாள் தள்ளி இருந்தாலும், எத்தனை பெயர் வைத்தாலும். எனக்கு மேல் மயிர் சிலிர்த்தது. வீட்டில் சொன்னால் யாருக்கும் புரியாது என்று சொல்லவில்லை.

இரண்டும் ஒன்றாகட்டுமா

கப்பல் பேனலின் அமைப்பு எளிது. ஒன்று முதல் ஆறு வரை ஜம்பர் போட்டு இணைத்த மின்சார வரவு. அதற்குப் பிறகு ஒவ்வொரு அறைக்கும் இரண்டு டெர்மினல். ஒன்றிலிருந்து வயர் கீழே போய், அறையில் உள்ள மிதவை சுவிட்ச் வழியாக, அடுத்ததற்குத் திரும்பி வரும். அறை உலர்ந்திருக்கும் வரை மின்சாரம் போய்த் திரும்பிக்கொண்டே இருக்கும், மணி சும்மா இருக்கும். தண்ணீர் ஏறி மிதவையைத் தூக்கினால் ஓட்டம் அறுந்துவிடும், மணி அடிக்கும்.

இரண்டாம் நாள் மத்தியானத்துக்குள் பதினெட்டு டெர்மினலையும் ஏற்றிவிட்டேன். அனதோலி தட்டில் இருந்த கரிந்த வரிசையோடு திரையை ஒப்பிட்டுக்கொண்டே வந்தார். கடைசியில் விரலை வைத்து நிறுத்தினார்.

"ஹியர். லிங்க்."

பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவே ஒரு ஜம்பர் இருந்தது. கரியைச் சுரண்டிக் காட்டினார். மற்றவை போலவே செம்புத் தகடு, ஒழுங்காக முறுக்கிய திருகு. ஆனால் வரைபடத்தில் அங்கே எதுவும் இல்லை. தாளைக் காட்டித் தலையை ஆட்டினேன். அவர் தட்டைக் காட்டித் தலையை ஆட்டினார்.

"பேப்பர் ஓல்ட். திஸ் ஷிப். சேம் லைக் திஸ். எவ்ரிதிங் சேம்."

எரிந்ததைப் போலவே அச்சாகச் செய்வதுதான் எங்களுக்குக் கொடுத்த வேலை. சரி என்று திரையில் அந்த இரண்டையும் தேர்ந்தெடுத்து ஜம்பரை வைத்தேன். உடனே ஒரு கட்டம் வந்து நின்றது. இந்த இரண்டு வயருக்கும் வேறு வேறு எண் இருக்கிறது, ஒன்றாக்கிவிடட்டுமா என்று கேட்டது.

ஆம் என்று அழுத்தினேன்.

ஒரே வயராக இருப்பதை எல்லாம் சிவப்பில் காட்டுகிற வசதி ஒன்று அதில் உண்டு. அதை எப்போதும் போட்டே வைத்திருப்பேன், பார்க்கிற ஆசைக்காக. ஆறாவது அறையின் தாளைத் திறந்தேன். மிதவைக்கு இந்தப் பக்கமும் சிவப்பு, அந்தப் பக்கமும் சிவப்பு. இரண்டு பக்கமும் ஒரே எண். கோடு ஆறாவது அறைக்குள் போகவே தேவையில்லாமல், வாசலிலேயே திரும்பி மணிக்கான ரிலேயைப் போய்ச் சேர்ந்திருந்தது.

மிதவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அந்த அறை முழுக்கத் தண்ணீர் நிறைந்தாலும் மணி அடிக்காது.

எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. உள்ளங்கையை அவரைப் போலவே மெதுவாக மேலே உயர்த்தினேன். கழுத்து வரைக்கும். பிறகு காதைத் தொட்டு, கையை விரித்துக் காட்டினேன். ஒன்றும் கேட்கவில்லை.

அனதோலி திரையைப் பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். சிவப்புக் கோட்டின் மேல் விரலை வைத்து முழுக்க ஒரு சுற்று வந்தார். பிறகு நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். முகத்தில் இருந்த ரத்தம் இறங்கிவிட்டது.

"மை ஹேண்ட்," என்றார். தன் வலது கையைத் தூக்கிக் காட்டினார். "ஸ்டார்ம். த்ரீ டே. பெல், பெல், பெல். வீ லுக், டிரை. கேப்டன் ஸே, ஃபினிஷ் பெல்."

புயலில் மூன்று நாள் மணி ஓயாமல் அடித்திருக்கிறது. அளந்து பார்த்தால் அறை உலர்ந்திருக்கிறது. மணியை நிறுத்து என்று கேப்டன் சொல்ல, இவர்தான் அந்தத் தகட்டைப் போட்டிருக்கிறார்.

"ஐ திங்க், டுமாரோ ஐ டேக் அவுட்," என்றார். "டுமாரோ." சொல்லிவிட்டு நான்கு விரல்களைக் காட்டினார். நான்கு வருஷம்.

அவர் எத்தனை கடல் தாண்டியிருப்பார் என்று நினைத்துப் பார்த்தேன். படுத்துத் தூங்கிய மனிதர்கள், சமைத்தவர்கள், வீட்டுக்குக் கடிதம் எழுதியவர்கள், எல்லோருக்கும் கேட்க வேண்டிய மணியை அந்த நகத்தளவு செம்பு அடக்கி வைத்திருந்தது. ஜம்பரைத் தேர்ந்தெடுத்து நீக்கினேன். சிவப்பு பாதியில் நின்று, மிதவைக்கு அந்தப் பக்கம் வேறு எண் வந்தது. அனதோலி மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

பழைய பேனல் அடிக்கவில்லை

ஐந்தாம் நாள் காலை மட்டாஞ்சேரி ஜெட்டியில் படகேறி பேனலோடு ஐலண்டுக்குப் போனோம். "கப்பலுக்குள்ளயா? பொம்பளப் பிள்ள நீ மட்டுமா?" என்று அம்மா கேட்டதற்கு ஜோஸ் சேட்டன் வருகிறார் என்றேன். கப்பலில் எனக்கு ஒரு நீல உடுப்புக் கொடுத்தார்கள். கையை நாலு மடிப்பு மடித்தும் விரல் வெளியே வரவில்லை.

இஞ்சின் அறை ஒரு தேவாலயத்தின் உயரம் இருந்தது. நான் வரைகிற கோடுகளெல்லாம் இவ்வளவு பெரிய பொருளுக்குள் போய் உட்காருகின்றன என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றதில் ஒரு குழாயில் தலையை இடித்துக்கொண்டேன்.

வயர்களை மாட்டி முடித்து, அனதோலி சுவிட்சைப் போட்டார். ஐந்து விளக்குகள் பச்சை. ஆறாவது சிவப்பு. மணி அடிக்கத் தொடங்கியது.

சீஃப் இஞ்சினீயர் படியிறங்கி வந்தார். குட்டையான, கோபக்கார மனிதர். அன்று மாலை கப்பல் கிளம்ப வேண்டும்.

"ஓல்ட் பேனல் நோ பெல். நியூ பேனல் பெல்," என்றார் ஜோஸ் சேட்டனிடம். "யுவர் பேனல் பேட்."

வயரைச் சரிபார்த்தோம். சரியாக இருந்தது. சீஃப் கைக்கடிகாரத்தைக் காட்டினார். பழையது போலவே செய்து தரச் சொன்னோம், பழையது போலவே செய்யுங்கள் என்றார்.

ஜோஸ் சேட்டன் என்னைத் தள்ளி அழைத்துப் போனார். நல்ல மனிதர். ஆனால் இந்தக் கப்பல் வேலை கெட்டால் ஐலண்டில் இனி ஒரு வேலையும் வராது என்ற பயம் அவருக்கு. சட்டைப் பையிலிருந்து ஒரு லிங்க் எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

"மோளே, இது ஒண்ணு இட்டா காரியம் தீர்ந்நு. கப்பல் போகட்டே."

"சேட்டா, அந்த ரூமுக்குள்ள என்னன்னு யாரும் பார்க்கலையே."

"அதை அவங்க நோக்கட்டு. நம்ம பணி பேனல் அல்லே?"

"இதை இட்டா அவங்க நோக்கவே மாட்டாங்க சேட்டா. நாலு வருஷமா நோக்கலை."

அவர் தகட்டைத் திரும்பப் பையில் போடவில்லை. நான் அவர் கையிலிருந்து எடுக்கவும் இல்லை. அவ்வளவு தைரியம் எனக்கு ஏது. இருவரும் அந்தத் தகட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

அப்போது அனதோலி சீஃபிடம் போய்ப் பேசத் தொடங்கினார். அவர்கள் மொழி. ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் பேச்சின் நடுவில் அவர் தன் வலது கையைத் தூக்கிக் காட்டினார். அன்று என் மேஜைக்குப் பக்கத்தில் காட்டியது போலவே. எனக்குப் புரிந்துவிட்டது. தண்டனை கிடைக்கும் என்று தெரிந்தே சொல்லிக்கொண்டிருந்தார். சீஃபின் வாய் திறந்தபடி நின்றது.

அதன் பிறகு எல்லோரும் பின்பக்கம் நடந்தோம். ஆறாவது அறை, கப்பலின் கடைக்கோடியில் ஒரு ஒடுக்கமான வெற்றறை. அதில் எதுவும் வைப்பதில்லை, யாரும் இறங்குவதில்லை. மேலிருந்து அளவுக்குழாய் ஒன்று உள்ளே போகிறது. கயிறு கட்டிய கம்பியை அதில் இறக்கி, எவ்வளவு நனைந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். தினமும் பார்ப்பது வழக்கமாம்.

சீஃப் தானே கம்பியை இறக்கினார். ஏற்றினார். உலர்ந்திருந்தது. எங்களைத் திரும்பிப் பார்த்த பார்வையில், இப்போது என்ன சொல்கிறீர்கள் என்று இருந்தது. ஜோஸ் சேட்டன் தலையைக் குனிந்துகொண்டார். என் வரைபடத்தில்தான் எங்கோ தவறு என்று ஒரு நிமிஷம் நானே நம்பினேன்.

அனதோலி மண்டி போட்டு உட்கார்ந்தார். அறையின் இரும்பு மூடியில் இருபது போல்ட் இருக்கும். வர்ணம் பூசிப் பூசி இறுகிக் கிடந்தன. ஒவ்வொன்றாகச் சுத்தியலால் தட்டித் தட்டிக் கழற்றினார். யாரும் உதவவில்லை, தடுக்கவும் இல்லை. தூரத்தில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

மூடி நகர்ந்தது. உள்ளே இருட்டு. முகத்தில் துருவும் உப்பும் கலந்த வாடை அடித்தது. அனதோலி கழற்றிய போல்ட்டில் ஒன்றை எடுத்து, எங்கள் எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்து, ஓட்டைக்குள் விட்டார்.

இரும்பில் இரும்பு விழும் சத்தத்துக்குக் காத்திருந்தோம்.

தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது. கிணற்றில் விழுவது போல, ஆழமாக.

மூன்று முறை

அளவுக்குழாயின் அடியில் துரு சேர்ந்து அடைத்திருந்தது. கம்பி அந்தத் துருவின் மேல் போய் இடித்துவிட்டு உலர்ந்தபடியே திரும்பியிருக்கிறது. புயல் நாளிலும் அப்படித்தான். அன்று மூன்று நாள் அடித்த மணி பொய்யே சொல்லவில்லை. நான்கு வருஷமாக அந்தக் கப்பல் ஓர் அறைத் தண்ணீரைச் சுமந்துகொண்டு உலகம் சுற்றியிருக்கிறது. பின்பக்கம் கொஞ்சம் கனமாகவே உட்காருமாம். பழைய கப்பல், அதன் நடையே அப்படி என்று நினைத்திருந்தார்களாம்.

கப்பல் அன்று போகவில்லை. தண்ணீரை இறைத்தார்கள். பகல் முழுக்க உள்ளே காற்றுச் செலுத்தினார்கள். கடல் மட்டத்துக்குச் சற்று மேலே அரித்துப்போன ஓர் இடத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து அடைத்தார்கள். கடைசிப் பரிசோதனைக்கு எங்களை மறுபடி கூப்பிட்டார்கள். அனதோலி மீது கேப்டன் ஏதோ எழுதியிருக்கிறார் என்று தெரிந்தது. "கேப்டன் ரைட்," என்று காற்றில் எழுதிக் காட்டித் தோளைக் குலுக்கினார். அதற்குப் பிறகு அவருக்கு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது.

அன்று ஆறு விளக்கும் பச்சையாக இருந்தன. அனதோலிக்கு அது போதவில்லை. தானே ஆறாவது அறைக்குள் இறங்கி மிதவையைக் கையால் தூக்கப் போவதாகவும், அடியிலிருந்து அவருக்கு மணி கேட்காது என்பதால், கேட்டதும் நான் குழாயில் தட்ட வேண்டும் என்றும் நடித்துக் காட்டினார். கையில் ஒரு ஸ்பேனரைக் கொடுத்துவிட்டுப் போனார்.

நான் பேனலுக்கு முன்னால் நின்றேன். பக்கத்தில் சீஃப். ஜோஸ் சேட்டன் கொஞ்சம் தள்ளி.

ஆறாவது விளக்கு சிவப்பாக மாறி மணி அடித்தது. குழாயில் தட்டினேன். எங்கோ கப்பலின் கடைக்கோடியிலிருந்து பதிலுக்கு ஒரு தட்டு, இரும்பு வழியாக வந்து என் விரலில் பட்டது. மணி நின்றது. விளக்கு பச்சையானது.

மறுபடி அடித்தது. மறுபடி தட்டினேன். மறுபடி நின்றது.

மூன்றாவது முறை மிதவையைத் தூக்கியவர் உடனே விடவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. காதைப் பிளக்கிற சத்தம். வேலையாக இருந்தவர்கள் கருவிகளைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். சீஃப் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். நிறுத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை.